பிடித்ததைக் கக்கும் மணிகள்

அன்புள்ள குருவிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. போனில் அனுப்பிய செய்திகளை நீ பார்த்துவிட்டாய் என்று போனே காட்டிக் கொடுக்கிறது. அதற்கும் பதில் இல்லை. அதனால்தான் தாளும் பேனாவும். கிழித்துப் போடுவதற்காவது இதை நீ கையில் எடுத்தாக வேண்டும்.

முதலில் உன் அம்மா. முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னால் மட்டும் நாக்கையே அறுத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி கோபம் வருகிறது. உன்னைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் பேசறா. நான் ஏதாவது கேள்வி கேட்டா மட்டும் லைன் கட் ஆயிடுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் மணிகள் கக்குகின்றன.

முலாம் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில், மொட்டை மாடித் தொட்டிக்குள் நாம் இறக்கி வைத்த கூடை நினைவிருக்கும். பட்டறைக் கழிவு நிலத்தில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் கலந்திருந்தது. நம் கறுப்பு மணிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கட்டுரை எழுதினோம். கடல்பாசிப் பசையில் கரித்தூள், களிமண், இரும்புத் தூள் எல்லாவற்றையும் குழைத்து, மிளகு மிளகாகச் சொட்டவிட்டு நீயும் நானும் செய்த மணிகள். தனித்தனியாக எதுவும் உருப்படி கிடையாது, சேர்ந்தால்தான் வேலை செய்யும், நம்மைப் போலவே என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். கட்டுரை வெளியானது. அதைக் காட்டி உனக்கு அங்கே வேலை கிடைத்தது. இங்கே கூடை தொட்டிக்குள் போனது.

போன மாதம் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு நர்சம்மா ஆய்வக வாசலுக்கு வந்தார். கையில் அவருடைய வெள்ளைச் சீருடை. துவைத்ததெல்லாம் மஞ்சளாக வருகிறது என்றார். வெயிலில் காய்ந்து பழுப்பேறிய துணியாக இருக்கும் என்று நானும் மனதுக்குள் அலட்சியமாக நினைத்தேன். போய்ப் பார்த்தால் குழாய்த் தண்ணீரே மஞ்சள். தொட்டி கழுவுகிறவர் அதற்கு முந்தின நாள்தான் வழக்கம்போல் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார். பவுடரால் தண்ணீரில் காரத்தன்மை ஏறியதும் மணிகள் அதுவரை பிடித்து வைத்ததை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டன. ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான். கிணற்றில் இருந்ததைவிடப் பல மடங்கு விஷம், அதுவும் நம் கூடையிலிருந்து!

ஆய்வக இயக்குநரிடம் ஓடினேன். அடுத்து இதே கூடைகளைப் பள்ளிக்கூடங்களில் இறக்கப் போகிறார்கள், அதற்கான படம்கூட வரைந்து சுவரில் மாட்டியாயிற்று. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் எழுதின கட்டுரைம்மா. ஒருத்தர் மட்டும் வந்து தப்புன்னா நான் எதை நம்பறது? அவங்களையும் சொல்லச் சொல்லுங்க" என்றார். கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்காரர்களும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற இருவர் கையெழுத்தும் வேண்டுமாம்.

அந்தக் கட்டுரையின் மேல்தான் நீ அங்கே நிற்கிறாய் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். உடனே எழுது.

இப்படிக்கு,
நெட்டை


அன்புள்ள குருவிக்கு,

உன் பதில் வந்தது. மடிப்பைப் பிரித்தபோது இன்னொரு தாள் உள்ளே ஒட்டியிருக்குமோ என்று உதறிக்கூடப் பார்த்தேன். அவ்வளவுதானா?

தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது என்று ஒரு பலகை மாட்டச் சொல்லியிருக்கிறாய். மாட்டினேன். சிவப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். தொட்டி கழுவுகிறவர் படித்துவிட்டு அப்படியே செய்தார். பத்து நாளில் கீழ்வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டது. இப்போது சொல், வயிற்றுப்போக்கா குரோமியமா, எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அடுத்த பலகை எழுதட்டும்?

அதற்கு மேல், எவ்வளவு பவுடர் போடுகிறார்கள், தொட்டியில் எவ்வளவு நேரம் நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று கேள்வி வேறு. எனக்கே பரீட்சை வைக்கிறாயா? நான் செய்ததில் நம்பிக்கை இல்லையென்றால் நேராகச் சொல்லிவிடு. கேட்டதற்காக எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தி மதிப்பெண் போட்டு அனுப்பு.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் கேட்காமல் மாடியேறி, தொட்டிக்குள் இறங்கிக் கூடையைத் தூக்கிவிட்டேன். ஈரத்தோடு பிணம் கனம் கனத்தது. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து மூடிப் பூட்டி வைத்தேன். நல்லது செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. மாடிப்படி இறங்கும்போது நர்சம்மா வழிமறித்தார். எனக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், பார்.

"மாட்டறப்பவும் எங்களைக் கேக்கல, கழட்டறப்பவும் கேக்கல. இப்ப நாங்க எதைக் குடிக்கிறது?" என்றார்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கிணற்றுத் தண்ணீரில் பழைய குரோமியம் அப்படியேதான் இருக்கிறது. லாரித் தண்ணீருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்றேன். லாரி வருகிறது, வராமலும் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தால் குடம் வரிசைக்கு வெளியே கிடக்கிறது.

இயக்குநர் என்னை ஆய்வகத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் தாளில் இருக்கிறது. எனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடம் கேட்டேன்?

வழி இல்லாமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கிணற்றுத் தண்ணீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் மணிகளோடு நின்று, பிறகு பெரிய தொட்டிக்குப் போனால் போதும். பவுடரைப் பெரிய தொட்டியில் போட்டுக்கொள்ளலாம். மணிகள் பக்கமே காரம் வராது. ஆனால் இரண்டாவது தொட்டி எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் முதல் தொட்டியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இங்கே யாருக்கும் வாய் இல்லை.

உனக்கும் இல்லையா?

உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பகலில் வீட்டுப்பக்கம் வருவதைப் பார்த்து, லீவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நெட்டை


அன்புள்ள குருவிக்கு,

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மொத்தமாகவே வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து, மேசையில் என் சாமான்கள் என்னென்ன இருக்கின்றன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். இயக்குநர் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நீ பத்திரிகைக்கு எழுதியது. அவருக்கும் ஒரு நகல்.

நான் கண்டது சரி என்று எழுதியிருந்தாய். அங்கே நீயே தனியாக மணிகளைச் செய்து, நான் அனுப்பிய அளவிலேயே பவுடரைக் கலந்து, அதே சூட்டில் வைத்துப் பார்த்ததாகவும், அங்கேயும் அவை கக்கியதாகவும் எழுதியிருந்தாய். அளவுகளோடு, படங்களோடு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கீழே உன் கையெழுத்து.

எத்தனை வாரமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாய்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பரீட்சை வைக்கிறாயா என்று நான் கேட்டதைப் படித்துவிட்டும் வாயைத் திறக்கவில்லையே, உனக்கு அப்படி என்ன பிடிவாதம்? உன்னைத் திட்டினேன், பதில் வரவில்லை என்று இன்னும் திட்டினேன். அந்த நேரமெல்லாம் நீ அங்கே மணி உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூட வேலை நின்றது. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள், ஆணி மட்டும் இருக்கிறது. இயக்குநர் எல்லோரிடமும், "எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் சின்னத் தொட்டிக்கு அனுமதி கொடுத்தது அவர்தான். இந்த முறை நர்சம்மாவையும் அந்த வீட்டுக்காரர்களையும் முதலில் உட்கார வைத்துப் பேசினேன். கேள்வியாகக் கேட்டார்கள். பழைய மணிகளை எங்கே கொட்டுவீர்கள் என்று ஒருவர் கேட்டார். தெரியாது, இப்போதைக்குப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றேன். நர்சம்மா, "தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அது பரவால்ல" என்றார். தொட்டி ஒரு மாதம் ஓடட்டும், பவுடர் போடுகிற நாளிலெல்லாம் தண்ணீரைச் சோதித்துக் காட்டுங்கள், பிறகு குடிக்கிறோம் என்று முடிவு. அதுவரை லாரிதான். வரிசைச் சண்டையும்தான்.

இதெல்லாம் எழுதிவிட்டேன். எழுத வந்தது இதில்லை.

உன் வேலை என்ன ஆயிற்று? அங்கே உள்ளவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்? உன் அலுவலக எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். முதல் முறை நீ இருக்கையில் இல்லை என்றார்கள். இரண்டாவது முறை உன் பெயரையே எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுரையை விட்டுக்கொடு என்று சுலபமாகக் கேட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று ஆறுதல் எழுதவும் எனக்கு உரிமை இல்லை.

உன் பழைய மேசை மேல் இத்தனை நாளும் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். நேற்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். துடைத்து, விளக்கை மாற்றி, ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் தூசி என்றேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல். சொல்லாமல் வந்து நின்றாலும் சரி.

உன்,
நெட்டை