எறும்பு இல்லாத எள்

12.3.2004, வெள்ளி

சமயநல்லூரில் விவசாயிகள் கூட்டம். நாற்பத்தோரு பேர் வந்தார்கள். பத்ரிநாத் மாமா இருபது வருஷம் சாயப்பட்டறை நடத்தியவர். இப்போது எதுவும் கலக்காத எள்ளை ஜெர்மனிக்கு அனுப்புகிறார். மனிதன் திருந்த ஒரு ஏற்றுமதி உரிமம் போதும். விவசாயிகள் யாரும் ரசாயன உரமோ மருந்தோ போடவில்லை என்று பார்த்து எழுதுவது அவரிடம் என் உத்தியோகம்.

முன்வரிசையில் சோணைமுத்து. பால்பாண்டியின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். அடுத்தவர் வயலுக்குக் கூலி போகாத முதல் ஆள் அவர் வீட்டில் அவர்தான். மூன்று வருஷம் உரமில்லாமல், பாதி விளைச்சலில் வயிற்றைக் கட்டி மண்ணைச் சுத்தம் செய்திருக்கிறார். சான்றிதழோடு போகப்போகும் அவருடைய முதல் எள் இதுதான்.

"போன தடவ மூட்டையில எறும்புன்னு புகார் வந்துருச்சு. இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சரக்கு திரும்பிரும்" என்றேன்.

"ஒண்ணு தட்டுப்படாது சார். என்னைய நம்புங்க" என்றார் சோணைமுத்து.

நன்றாகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

3.6.2004

சோணைமுத்து வீட்டில் மூட்டைகளைப் பார்த்தேன். அவர் மனைவி தங்கப்பொண்ணு டீ கொடுத்தார். "எங்கனயாச்சும் எறும்பு இருக்கா, நல்லாப் பாருங்க சார்."

இல்லை. சரிபார்ப்புத் தாளில் பாராட்டுக்கு இடம் கிடையாது. ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதினேன்.

9.7.2004

பரிசோதனைக் கூடத்திலிருந்து ஃபேக்ஸ். சோணைமுத்துவின் எள்ளில் பூச்சிமருந்து. மாமா எங்கள் சௌராஷ்டிர பாஷையில் திட்டினார். வீட்டு மொழி இத்தனை வளமானது என்று இதுவரை எனக்குத் தெரியாது.

10.7.2004

"காட்டுல ஒரு சொட்டு மருந்து அடிக்கல சார். எம்புள்ள மேல சத்தியம்."

சோணைமுத்துவின் முகம் பொய் சொல்கிற முகம் இல்லை. அப்போதுதான் தங்கப்பொண்ணு உள்ளேயிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். எறும்புப் பொடி. மூட்டைகளைச் சுற்றிக் கோடு இழுத்து, மேலேயும் கொஞ்சம் தூவியிருக்கிறார்கள்.

"வயலுக்குத்தான மருந்து வேணாம்னீக? இது வீட்டுக்குப் போடுறதுதான சார். எறும்பு இருக்கப்படாதுன்னு நீங்கதான..."

"ஏய், சும்மா இருடி" என்றார் சோணைமுத்து.

எறும்பு கூடாது என்றேன். பொடி கூடாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. ஜூன் மாதம் அந்த வெள்ளைக் கோட்டை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். கோலம் என்று நினைத்தேன். எறும்பு தின்னட்டும் என்று போடுவதும் வெள்ளை, சாகட்டும் என்று போடுவதும் வெள்ளை. வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

16.7.2004

விசாரணை. சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நாற்பத்தோரு பேருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். ஒருவர் தவறினால் குழுவே போய்விடும். அந்த ஒருவரை நீக்கிவிட்டால் மற்ற நாற்பது பேரும் பிழைப்பார்கள். மாமா நீக்கும் கடிதத்தை முன்பே டைப் அடித்து வைத்திருந்தார்.

"யாராவது சொல்லிப் போட்டீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லம்மா. நானாத்தேன் போட்டேன். புத்தியில்லாமப் பண்ணிட்டேன்."

சோணைமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. நான்? தண்ணீர் குடித்தேன். வாயைத் திறந்தா என்ன, வேலைதான போகும் — போகட்டுமே — போகட்டுமா? ஹம்சவேணிக்கு இது ஐந்தாம் மாதம். மனைவியின் வயிற்றையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டேன். 'விவசாயிக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

17.7.2004

அலுவலகம் போனேன். வந்தேன்.

22.9.2004

இனி சோணைமுத்துவின் எள் சாதாரண எள். அதை விற்றுக் குத்தகை கட்ட முடியாது. பால்பாண்டி நிலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இன்று அவரே அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, நெலம் சுத்தமாத்தான இருக்கு? ஆளத்தான நீக்குனீக? எம்பேர்ல எழுதிக்கங்க."

விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். அவர் சொல்வது சரி. பொடி விழுந்தது வீட்டில், மண்ணில் குற்றமில்லை. அந்த மூன்று வருஷமும் மண்ணைச் சேர்ந்ததாம், மண்ணைச் சுத்தம் செய்தவரைச் சேர்ந்தது இல்லையாம். மத்தியானம் போய் நிலத்தை நான்தான் அளந்தேன். எள்ளுத் தட்டை இன்னும் வரப்பில் அடுக்கிக் கிடந்தது. சோணைமுத்து நேர்த்தியாகக் கட்டியிருந்தார்.

"பாவம், அவனும் நல்லாத்தான் பாத்துக்கிட்டான்" என்றார் பால்பாண்டி.

10.1.2005, திங்கள்

போன வாரம் பசுமலைக் கிடங்கில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். சோணைமுத்துவின் பெயரை எழுதிக்கொடுத்தேன். மாமா மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

இன்று காலையில் சோணைமுத்து கிடங்குக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "செருப்போடயே வாங்கண்ணே" என்றேன். "இருக்கட்டும் சார்" என்றார். தங்கப்பொண்ணைப் பற்றி விசாரித்தேன். செங்கல் சூளைக்குப் போகிறாராம்.

நீக்கிய ஆளுக்கு இந்தக் காலத்தில் யார் வேலை வாங்கித் தருகிறார்கள் என்று மாமா போனில் ஹம்சவேணியிடம் பாராட்டினாராம். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே சொன்னாள். "ஒங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு!"

நான் மறுக்கவில்லை.