இல்லைக் கட்சிக்காரிக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் வாழைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. கடைக்காரப் பெண் தராசுக்குப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தாள். அதில் நீ மஞ்சள் சேலை கட்டி, கண்களை மூடிக்கொண்டு பாடினாய்.

*கண்ணை மூடிக் கையை நீட்டு, கேட்டது கிடைக்கும் – அவள்
கருணை வந்தா பாறையில கூடப் பூ வெடிக்கும்!*

"யாரு இது?" என்று தெரியாதவள்போலக் கேட்டேன்.

"தேனம்மாவோட பக்தை, அக்கா. தொண்டையில கேன்சராம். முன்னாடி சாமியெல்லாம் பொய்யின்னு கிண்டலாப் பாடிட்டு இருந்தவங்களாம். தேனம்மா கழுத்துல தேன் தடவுனதும் குணமாயிட்டாங்களாம். டாக்டரே ஷாக் ஆயிட்டாராம் லா."

"அவங்க செத்துப் போயிட்டாங்க," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சும்மா இருங்கக்கா. நல்லா இருக்காங்கன்னு கீழயே போட்டிருக்கு, பாருங்க."

வாழைப்பூவை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ போய் ஒரு தீபாவளி வந்துபோய்விட்டது. உன்னை எரித்து முடித்த பிறகும் அவர்கள் உன்னைப் பாடவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவும் என் வரியை.

அந்த வரியை நான் எழுதிய இடம் உனக்கு நினைவிருக்கும். புக்கிட் பாத்தோக்கில் உன் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, கல் மேசையில், பையில் கட்டித் தந்த கோப்பியை உறிஞ்சிக்கொண்டு. நீ பாலிகிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை முடிந்து வருவாய், நான் பள்ளி அலுவலகத்திலிருந்து வருவேன். சமூக மன்றத்தில் ஒரு பொங்கல் விழாவுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார்கள். கோலாட்டம் வேண்டாம், சண்டை போடுவோம் என்றாய் நீ. அற்புதம் நடக்குமா நடக்காதா என்று பாட்டிலேயே வாதாடுவது. நான் உண்டுக் கட்சி, நீ இல்லைக் கட்சி. நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேடைக்கு வெளியேயும் நாம் அப்படித்தான்.

*உப்புத் தண்ணி ஊத்தி வச்சேன், விளக்கு எரிஞ்சுது – எங்க
ஒன்பதாம் மாடி முழுக்க வெளிச்சம் தெரிஞ்சுது!* என்று நான் உருகுவேன்.

*ஒன்பதாம் மாடி வெளிச்சமெல்லாம் லிஃப்ட்டு லைட்டுடி – நீ
உப்பை அங்கே கொட்டினதால் ரசம் வேஸ்ட்டுடி!* என்று இடுப்பில் கை வைத்து நீ திரும்புவாய்.

மன்றமே குலுங்கும். கண்ணை மூடிக் கையை நீட்டு என்ற என் வரிக்கு நீ கொடுத்த பதிலை ஜனங்கள் பேருந்து நிறுத்தங்களில்கூடப் பாடிக் காட்டினார்கள்.

*கண்ணை மூடிக் கையை நீட்டினேன், பஸ்ஸு நிக்கல – நான்
கண்ணைத் திறந்து ஓடினேன்டி, அதுவும் சிக்கல!*

அந்தப் பாட்டுக்கு வேண்டிய சரக்கெல்லாம் உன் மருந்து ஜன்னலிலிருந்தே வந்தது. "மாத்திரையைச் சாமி படத்துக்கு முன்னாடி ஒரு வாரம் வச்சுட்டேன், இனிமே முழுங்கணுமான்னு ஒரு பாட்டி கேக்கறாங்கடி," என்று சொல்லிச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாய். ஆனால் தைப்பூசத்தில் நான் பால்குடம் தூக்கும்போது என் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து கடைசிவரை கூடவே நடந்து வருவதும் நீதான். "உன் சாமிக்குக் கால் வலிக்காது, உனக்கு வலிக்கும்," என்று தண்ணீர் போத்தலை நீட்டுவாய். நம்பாத ஒருத்தி பக்கத்தில் நடந்தது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு உன் குரல் கரகரத்தது. சளி என்றாய், ஏசி என்றாய். கடைசியில் மருத்துவமனைக்கு நானும் கூட வந்தேன். அந்த இளம் சீன டாக்டர் காகிதத்தில் தொண்டையை வரைந்து பொறுமையாகச் சொன்னார். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடலாம், பழகினால் கருவி வைத்துப் பேசலாம். "பாட முடியுமா?" என்று கேட்டாய். அவர் இல்லை என்று தலையாட்டினார். சரி என்று தேதி வாங்கிக்கொண்டுதான் வந்தாய். டாக்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மேடையில ரெண்டு பேருக்கும் நீயே பாடணும், மாட்டிக்கிட்டே," என்றாய். அன்றுவரை நீ நீயாகத்தான் இருந்தாய்.

உன்னைப் பார்க்க வந்த உன் நாத்தனார்தான் அதைச் சொன்னாள். பழம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, உன் முகத்துக்கு நேராக: "எத்தனை மேடையில சாமியைக் கேலி பண்ணினே. அது கரெக்டா எங்க வந்திருக்கு பாரு." நான் அவளை வெளியே போகச் சொன்னேன். எதற்கும் பதில் வைத்திருக்கும் நீ, அன்று பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது எனக்குப் பயமாக இருந்தது.

உன்னைத் தேனம்மாவிடம் கூட்டிப்போனதும் அவள்தான். தேனம்மா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ விமானத்தில் வந்து, ஒரு கொண்டோ குடியிருப்பின் விருந்துக்கூடத்தில் உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களின் கழுத்திலும் நெற்றியிலும் தேன் தடவுகிறவள். "உன்னை மன்னிச்சாச்சு, கத்தி படாது," என்று உன் காதில் சொன்னாளாம். நீ அழுதாயாம்.

விஷயம் தெரிந்து ஓடி வந்தபோது நீ சமையலறையில் நின்றிருந்தாய்.

"ஆபரேஷனை கேன்சல் பண்ணிட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு? இத்தனை வருஷம் மருந்து எடுத்துக் குடுத்தவ நீ."

"குடுத்தேன். குணமாகாம திரும்பி வந்தவங்களையும் பார்த்தேன்."

"தேன் தடவினா கட்டி கரையுமா?"

"உன் அம்மன் செய்வா, எங்க அம்மா செய்யமாட்டாங்களா? நம்பணும் நம்பணும்னு நீதானே சொல்லுவே?"

"நான் பால்குடமும் தூக்குவேன், பிரஷர் மாத்திரையும் போடுவேன். கும்பிட்டுட்டு டாக்டர்கிட்ட போறவடி நான்!"

"அப்ப உன் நம்பிக்கை பாதிதான்," என்றாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிறகு கண்ணை மூடிக் கையை நீட்டி, உடைந்த குரலில் என் வரியை எனக்கே பாடிக் காட்டினாய். கிண்டல் இல்லை. சிரிப்பு இல்லை. நான் சிரிப்புக்காக எழுதியதை மந்திரம்போலப் பாடினாய். உன் பதில் வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நானே ஆரம்பித்தேன். பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாய்.

"அதைப் பாடாதே. அதனாலதான் எனக்கு வந்துச்சு."

புகைக்காத, குடிக்காத, ஊரையே சிரிக்கவைத்துப் பாடிய ஒரு பெண், தன் நகைச்சுவையால் தனக்கு நோய் வந்தது என்று நம்பிவிட்டாள். உன் நோயைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கும் தாங்கவில்லை, இன்றைக்கும் இல்லை. பிறகும் பலமுறை வந்தேன். உன் கணவரோடு சேர்ந்து கெஞ்சினேன். டாக்டர் இரண்டு முறை அழைத்தார், நீ போனை எடுக்கவில்லை. அதற்குள் தேனம்மாவின் ஆட்கள் உன்னை மஞ்சள் சேலையில் உட்காரவைத்துப் படம் பிடித்தும் விட்டார்கள்.

எந்தக் குரலைக் காப்பாற்றப் போனாயோ அதுவும் போயிற்று. மூச்சு அடைத்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வேறெதற்கும் காலம் கடந்திருந்தது. நீ உதட்டை மட்டும் அசைப்பாய். இத்தனை வருடம் எதிரெதிரே நின்று பாடியதில் உன் உதட்டை எனக்கு நன்றாகப் படிக்க வரும். ஒருநாள் மாலை என்னை அருகில் இழுத்துக் கேட்டாய்: "அவங்க வந்தாங்களா?"

உன் கணவர் அந்தக் கூட்டத்தாரை எத்தனையோ முறை அழைத்திருந்தார். அம்மா வெளிநாட்டில் இருக்கிறார், பிரார்த்தனை செய்கிறார் என்றார்கள். பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

"இல்லை," என்றேன்.

வாழ்நாள் முழுக்க நீ சொன்ன சொல்லை உன்னிடம் நான் சொல்லவேண்டி வந்தது. நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

தேக்காவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் உன் கணவரை அழைத்தேன். "அண்ணே, அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி கம்ப்ளெயின்ட் பண்ணுவோம். குணமாயிட்டான்னு பொய் போட்டிருக்காங்க."

"வேண்டாம்மா. கடைசியில ஒரு சத்தம்கூட இல்லாமப் போனா. காலையில டீ போடும்போது அதைத்தான் கேக்கறேன். கீழ எழுதியிருக்கிறதைப் படிக்கறதில்ல."

"பழைய பாட்டெல்லாம் இருக்கேண்ணே."

"அதுல அவ சிரிக்கிறா. என்னால கேக்க முடியல."

வீடியோ இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எந்த வாட்ஸ்அப் குழுவில் யார் அதைப் பகிர்ந்தாலும் அடியில் எழுதுகிறேன்: "இவர் என் தோழி. இறந்துவிட்டார். அறுவை சிகிச்சை செய்திருந்தால் பிழைத்திருக்கலாம்." சிலர் கும்பிடும் கை படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தோ பாயோ கோயிலில் என்னோடு பூக்கட்டும் ஒருத்தி, "நாத்திகம் பேச ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். இரண்டு குழுக்களிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

நேற்று முகம் தெரியாத ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: "அம்மாவைப் பழிக்காதீர்கள். அடுத்து உங்கள் தொண்டைதான்."

படித்துச் சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் என் கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டது. சாமி கும்பிடுகிற எனக்கு, அம்மன் அப்படிப்பட்டவள் இல்லை என்று தெரிந்த எனக்கு, ஒரு நொடி உடம்பு சில்லிட்டுப் போனது. அந்த ஒரு நொடியை நீ மாதக்கணக்கில் தனியாக வைத்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்துவிட்டது என்பதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பிழைத்திருக்க வேண்டியவள் நீ. குரல் இல்லாமல் என் எதிரே உட்கார்ந்து, கையாலேயே என்னைக் கேலி செய்துகொண்டு இருந்திருக்க வேண்டியவள்.

கழுத்திலிருந்து கையை எடுத்தேன். அடுத்த குழுவைத் திறந்து, அதே மூன்று வாக்கியங்களை எழுதினேன்.