நான் உன் வீட்டில் இருக்கிறேனாம்

ஆக்லாந்து,
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் பெனினாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை, நான்தான் இரண்டு மாதமாக பிரிஸ்பேனில் உன் வீட்டிலேயே இருக்கிறேனே, மூன்று வேளையும் நீதானே சாப்பாடு போடுகிறாய். போன ஞாயிறு வரைக்கும் நம் சபை முழுக்க அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. நான் இருப்பது இங்கே ஆஸ்பத்திரியில், மனநல வார்டில், அட்டையைக் காட்டினால்தான் திறக்கிற கதவுக்கு உள்பக்கம் என்பது உனக்கும் உன் சித்தி லூப்பேவுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. அதனால் இந்தப் பொய்யில் உன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். போனிலேயே கேட்டிருப்பேன், ஆனால் இங்கே போன் நர்ஸ்களின் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீயும் என் குரலைக் கேட்டதும் வேலையில இருக்கேன்மா அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நோயே இல்லாமல் உள்ளே வந்தேன் என்று நான் சாதிக்கவில்லை. பல நாள் தூக்கம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் கரண்டு மீட்டர் வழியாக என் ஜெபத்தை ஒட்டுக்கேட்கிறான் என்று தோன்றியது, சுத்தியலை எடுத்து மீட்டர் பெட்டியை உடைத்தேன், லூப்பே பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே வந்தபின் எதைச் செய்தாலும் அது நோயாகிவிடுகிறது. முதல் நாளே என் கொண்டைச் சீப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆமை ஓட்டுச் சீப்பை வைத்து யாரைக் குத்தப்போகிறேன் என்று கேட்டால் விதி என்கிறார்கள். சீப்பில்லாமல் கொண்டை எங்கே நிற்கும், தலையை விரித்துப்போட்டுக்கொண்டு திரிகிறேன், அதைப் பார்த்துவிட்டு டாக்டர் தன்னைக் கவனித்துக்கொள்வதில்லை என்று எழுதுகிறார். அவர் உன் வயதுப் பையன், நல்லவன் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையையே பார்க்கிறான், அப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

என்னை உறுத்தியது வேறு. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நினைவிருக்கிறதா, பாடகர் குழுவே வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடியது, வேகவைத்த டாரோக் கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் வைக்க இடமில்லாமல் பக்கத்துக் கட்டில் கிழவிக்கெல்லாம் கொடுத்தோம், கொஞ்சம் போய்விட்டு நாளைக்கு வாங்களேன் என்று நர்ஸ் கும்பிடாத குறை. இந்த முறை ஒரு ஈ காக்கா இல்லை. லூப்பே மட்டும் வருவாள், உட்கார்ந்த உடனே கடிகாரத்தைப் பார்ப்பாள். ஏன் யாரும் வரவில்லை என்றால், எல்லாரும் உன்னைத்தான்கா விசாரிக்கறாங்க, உனக்காக ஜெபம் பண்றாங்க என்பாள். ஜெபம் பண்ணுகிறவர்களுக்குப் பஸ் ஏறத் தெரியாதா. நம் தீவுக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை பெனினா, கால் சுளுக்கினால்கூட மூன்று காரில் வருகிறவர்கள். லூப்பே ஏதோ செய்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் இருக்கும் டிவியில் நம் சபை ஆராதனையை நேரலையில் போட்டுத் தரச் சொன்னேன், போட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் காலுறையோடு உட்கார்ந்து பாட்டுக்கெல்லாம் சத்தமாகவே கூடப் பாடினேன், மனசுக்கு நன்றாக இருந்தது. பிறகு அறிவிப்பு வந்தது. மூப்பர் நின்று, நம்ம ஸலோமே மகள் வீட்டுல பிரிஸ்பேன்ல இருக்காங்க, அங்க நல்லா ஓய்வெடுக்கறாங்க, அவங்க பயணத்துக்காக ஜெபிப்போம் என்றார், சபை முழுக்க ஆமென் என்றது. பின்னால் திரையில் என் படம், முன்பு வந்திருந்தபோது நீ எடுத்தது, உன் வீட்டு வராந்தாவில் உன் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன். நான் எழுந்து நின்று டிவி என்னைப் பற்றிப் பொய் சொல்கிறது, நிறுத்துங்கள் என்று கத்தினேன். யோசித்துப் பார், மனநல வார்டில் நின்றுகொண்டு டிவி என்னைப் பற்றிப் பேசுகிறது என்று கத்துகிறேன். நம் மொழி இங்கே ஒருவருக்கும் புரியாது, படமும் போய்விட்டது, ஒரு வெள்ளைக்கார நர்ஸ் ஓடி வந்து, சரிதான் ஆன்ட்டி, வாங்க, அதை அணைச்சிடலாம் என்று தோளைத் தடவினாள். அன்று சாயங்காலம் மாத்திரை ஒன்று கூடிப்போனது.

டாக்டரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் தங்கை சபை முழுவதையும் ஏமாற்றுகிறாள், முந்நூறு பேர் நான் வேறு நாட்டில் இருப்பதாக நம்புகிறார்கள் என்று சொல்லச் சொல்ல அவருடைய விரல்கள் வேகவேகமாகத் தட்டிக்கொண்டே போயின. நான் சொல்வது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது. அப்புறம் குடும்பக் கூட்டம் என்று லூப்பேவைக் கூப்பிட்டார்கள். அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு எல்லார் மேலயும் சந்தேகம் டாக்டர், இங்கேருந்து நேரா பிரிஸ்பேனுக்கே அனுப்பிடலாம், பொண்ணு ஒத்துக்கிட்டா என்றாள். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. சொன்ன பொய்யை உண்மையாக்க என்னைப் பெட்டி கட்டி விமானத்தில் ஏற்றப் பார்க்கிறாள். என் வீடு, என் கோழிகள், சபையில் பெண்கள் வரிசையில் முப்பது வருஷமாக நான் உட்காரும் இடம், எதுவும் இனி எனக்கில்லை. நீ ஒத்துக்கொண்டாயா பெனினா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒத்துக்கொண்டாயா?

அதற்குப்பின் நான் வாயை மூடிக்கொண்டேன். டிவி பேச்சே எடுக்கவில்லை, மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டினேன், எப்படி இருக்கீங்க என்றால் ரொம்ப நல்லா இருக்கேன் என்றேன். உடனே முன்னேற்றம் என்றார்கள். உண்மையைச் சொன்னபோது மாத்திரை கூடியது, வாய் பேசாமல் இருந்ததற்குப் பரிசாக ஞாயிறு காலை வெளியே போய்வர அனுமதி, ஆராதனைக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும், துணைக்கு நைரி என்ற மாவோரிப் பெண் நர்ஸ். லூப்பேவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று நைரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பார்க்கட்டும், இங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறோம்.

வாசலிலேயே போதகரம்மா பிடித்துக்கொண்டாள். அடியே ஸலோமே, எப்ப வந்தே, மக வீட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டியிருக்கே என்று என் கன்னத்தைக் கிள்ளினாள் (மாத்திரையால் ஊதின கன்னம் அது). பக்கத்தில் நைரி சீருடை இல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில், நீங்க பெனினாவோட சிநேகிதியா, பிரிஸ்பேன்லேருந்து கூட வந்தீங்களா, ரெண்டு மாசமா நல்லா பாத்துக்கிட்டீங்க என்றாள். நைரியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் போதகரம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, நோயாளியைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் சட்டம். உள்ளே பாடகர் குழுவில் லூப்பே என்னைக் கண்டுவிட்டாள், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆமா, நேத்துத்தான் வந்தேன் என்று சொன்னால் தங்கையின் மானம் தப்பும், வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் நான் சாகும்வரை அந்தப் பொய்க்குள்தான் குடியிருக்க வேண்டும். நான் பிரிஸ்பேனுக்குப் போகவே இல்ல, மனநல வார்டுல இருக்கேன், இந்தப் பொண்ணு நர்ஸ், ஏன் ஒருத்தரும் என்னைப் பார்க்க வரல என்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். போதகரம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள், என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதோடு காதாக, படுத்தப்புறம் கதவுக் கண்ணாடியில டார்ச் அடிச்சுப் பாக்கறாங்களே, அது இன்னும் இருக்கா என்று கேட்டாள். பார்க்க வந்துபோகிறவர்களுக்கு அந்த டார்ச் தெரியாது பெனினா. அங்கே படுத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இருக்கு என்றேன். முதல் வரிசையில் தன் பக்கத்திலேயே என்னை உட்காரவைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் முதல்முறையாகத் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினார், நைரி சொல்லியிருக்கிறாள். டிவி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் விசாரிக்காம விட்டுட்டேன் என்றார். கூடின மாத்திரையைக் குறைத்துவிட்டார். மீட்டர் விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அது நோய்தான் என்கிறார், நானும் இப்போது முக்கால்வாசி நம்புகிறேன். லூப்பே வந்து அழுதாள், பைத்தியம்னு பேர் வச்சுடுவாங்கன்னு பயந்தேன்கா, உன் மானத்தைத்தான் காப்பாத்தினேன் என்றாள். யார் மானத்தை என்று கேட்டேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் கோழிகளுக்கு அவள்தான் தீனி போடுகிறாள்.

அவள் கணக்கு தீர்ந்தது, உன் கணக்கு தீரவில்லை. அந்த வராந்தா படம் உன் போனில் மட்டும்தான் இருந்தது. தெரிந்து கொடுத்தாயா, சித்தி கேட்டாள் என்று யோசிக்காமல் கொடுத்தாயா, எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுது. உன்மேல் கோபப்பட என்னால் முடியும், சந்தேகப்படத்தான் முடியவில்லை. இன்னும் சில வாரத்தில் விடுவார்கள், நான் என் வீட்டுக்குத்தான் போவேன், டிக்கெட் எதுவும் எடுத்திருந்தால் உன் பெயருக்கு மாற்றி நீ வா. மாப்பிள்ளையை முதுகுவலியைக் கவனித்துக்கொள்ளச் சொல், சின்னவனுக்கு என் முத்தம், கர்த்தர் உங்கள் வாசலையும் படுக்கையையும் காப்பாராக. பார்வையாளர் நேரம் மத்தியானத்துக்கு மேல். வந்ததும் முன்மேசையில் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார்கள், லூப்பே இன்றைக்கும் என் பெயரை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே சொல்கிறாள். நீ சத்தமாகச் சொல். கதவுக்கு உள்பக்கம் எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அம்மா,
ஸலோமே