தப்புக்கு எதுகை

பெருமாட்டி,
12.6.1974

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது.

இந்த வருஷம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று இரண்டு வரியில், எதுகை வைத்துப் பாட்டு எழுதும்படி என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். காளிச்சாமி மகன் ஊசிக்கு அழமாட்டானாம். பிறகு நம் மகள் எழுந்து படித்தாள்:

தப்பில்லாமல் கணக்குப் போடுவேன்
அப்பா ஊட்டுப் பாப்பாவுக்குப் பாட்டுப் பாடுவேன்

"எதுகை செரிதானுங்களா, டீச்சர்?" என்றாள். வகுப்பில் அவளுக்கும் நான் டீச்சர்தான். சரி என்றேன்.

லீவுக்குச் சூரியநெல்லி எஸ்டேட்டில் உங்களோடு தங்கிவிட்டு வந்தவள், எந்தப் பாப்பாவைப் பற்றியும் என்னிடம் வாய் திறக்கவில்லை. எதுகைக்காகப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தலை பின்னும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா சொல்லக் கூடாதுன்னுதானுங்கம்மா சொன்னாரு. எழுதக் கூடாதுன்னு சொல்லலீங்களே."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம். அதை எதற்கு மறைக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நீங்களும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எதுகை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் டீச்சர்