பதின்மூன்றாம் வரிசை

பூனாகலை,
09.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி துஷாந்தினி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். அங்கே கட்டாரில் நீங்களும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். கலியாணமாகிப் பதினொரு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கிறுக்கு என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பகிடி விட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். காகிதத்தில் அது நடக்காது. உங்கள் கூட்டாளி பஸீல் லீவு முடிந்து அங்கே வர வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறார். அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாதக் கடைசிக்குள் கம்பனிக்குச் சொல்ல வேண்டும், நீ என்ன சொல்கிறாயோ அதுதான் என் முடிவு என்றீர்கள். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நான் இழுத்துக்கொண்டே வந்தேன். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேரே அங்கே தாவாமல் ஒழுங்காக வாசித்துக்கொண்டு வாருங்கள்.

இங்கே கச்சான் காற்று இந்த முறை கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தது. அழகர் சித்தப்பா கல் தூக்கி வைத்துக் கொடுத்தார். தேயிலையில் கொழுந்து குறைவு. ஆனால் கங்காணியின் சத்தம் மட்டும் குறையவில்லை. விதுஷா வகுப்பில் நாலாவதாக வந்திருக்கிறாள். மூன்றாவதாக வந்த பிள்ளையோடு ஒரு வாரம் பேசவில்லை. ரோசம் அப்படியே உங்களுடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் பஸீல் கொண்டு வந்த பார்சலில் சவர்க்காரம், சொக்லேட் எல்லாம் இருந்தது. அதற்கெல்லாம் அடியில் கறுப்புப் பையில் சுருட்டி, நீங்கள் தைத்த பாதிப் போர்வை இருந்தது. நீங்கள் கட்டாருக்குப் புறப்படும்போது பேசிக்கொண்டதை நான் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். நீ பாதி தை, நான் பாதி தைக்கிறேன், வந்ததும் சேர்த்துப் போர்த்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, பால்மா பெட்டி அட்டையில் நான் வெட்டி வைத்திருந்த ஆறுமூலை அளவுத் துண்டை எடுத்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டீர்கள். மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் என் பக்கத்தில் இருந்து தையல் பழகியவர்தானே, இரண்டு மாதத்தில் சலித்துப்போகும் என்று நினைத்தேன். நல்ல துணியை எதற்குத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி தைக்கிறாய் என்று என்னைக் கேட்ட மனிதர் அல்லவா நீங்கள்.

கதவைத் திறந்து வைத்து, கட்டிலில் விரித்தேன். ஒரு மாரி பிஸ்கட் அளவுத் துண்டுகள். விதுஷா எண்ணிப் பார்த்தாள். ஒரு வரிசைக்கு முப்பத்தெட்டு, மொத்தம் இருபத்துநாலு வரிசை. ஸுபைரா அக்காவின் தையல் கடையிலிருந்து நான் அள்ளிக் கொடுத்த வெட்டுத்துண்டுகள் முதல் வரிசைகளில் இருந்தன. பிறகு உங்கள் வேலைச் சட்டையின் நீலம், பஸீலின் பழைய சாரம், யாரோ ஒரு பாகிஸ்தான்காரரின் வெள்ளைச் சட்டை. ஒரு மூலைகூட மற்ற மூலையை விட்டு விலகி நிற்கவில்லை. கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போன மனிதர் இதைத் தைத்தார் என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தைக்கிறவளுக்குப் பின்பக்கம் பார்க்காமல் இருக்க முடியாது. திருப்பினேன். பன்னிரண்டு வரிசை வரைக்கும் எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. என் தையலும் அப்படித்தான் சாயும். பதின்மூன்றாம் வரிசையில் எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. அங்கிருந்து கடைசி வரைக்கும் அப்படியே. துண்டுகளும் அங்கிருந்து கொஞ்சம் பெரிதாகியிருந்தன. அந்த வரிசையும் அடுத்ததும் பிள்ளை தைத்தது போலக் கோணல் மாணல், பிறகு மெல்ல மெல்ல நேராகிவிட்டது. ஒருவருக்கு ஒரு பக்கம் சாய்கிற தையல் திடீரென்று மறுபக்கம் சாயாது. இது வேறு ஒரு கை.

ஒரு வாரம் உங்கள் போனை எடுக்காமல், சிக்னல் இல்லை என்று பொய் சொன்னது அதனால்தான். அந்த வாரத்தில் நான் அவளுக்கு ஒரு முகமே வைத்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களிடமே தையல் பழகி, வரவரக் கைதேர்ந்துவிட்ட ஒருத்தி. இன்னும் இரண்டு வருஷம் என்று நீங்கள் மெசேஜ் போட்டுக் கேட்டதும் அந்த வாரம்தான். எல்லாம் பொருந்திப் போனது. மலையில் கொழுந்து எடுக்கும்போது கண்ணீர் வந்து, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சமாளித்தேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். இந்த வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தவரே ஸுபைரா அக்காதானே. அவரிடம் என் சந்தேகத்தைச் சொல்லவில்லை. யாருடைய தையல் என்று மட்டும் பாருங்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியுமா, கடைக்கு வந்த இரண்டு பேர் காத்திருந்து போய்விட்டார்கள்.

"இது எடது கையால தச்சது, துஷா. நானும் எடது கைதான், எனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவளுக்கு இடது கைப் பழக்கம் என்று ஒரு அடையாளம் கிடைத்தது, அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பெண்கள் எந்தக் கையால் காசு நீட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் பாதியையும் என் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். உங்கள் கடைசி வரிசை என்னுடையதை விட நாலு விரல் நீளம். சேராது. அந்தக் கோபத்தில், துணியை மடித்துத் தைக்க உள்ளே வைக்கும் காகிதத்தை அவள் என்ன அளவுக்குத்தான் வெட்டினாள் என்று பார்க்க, ஓரத்துத் துண்டு ஒன்றின் நூலைப் பிரித்தேன். ஆறு பக்கமும் அடுத்த துண்டு சேராமல் உள்ளே இருக்கும் காகிதத்தை உருவக் கூடாது, உருவினால் துண்டு உருக்குலைந்து போகும் என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நான் சொன்னபடியே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரிசைக் காகிதம் எல்லாம் உள்ளேயே இருந்தது.

கோடு போட்ட கொப்பித் தாளில் வெட்டிய காகிதம். அதில் பென்சிலால் எழுத்து. நான் உற்றுப் பார்ப்பதற்குள் விதுஷா வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது யாரும்மா, ஒண்ணாம் ஆண்டுப் பிள்ளையா எழுதுனது?"

ரஜீவ், ரஜீவ், ரஜீவ் என்று உங்கள் பெயர். முதலாவது கோட்டை விட்டு இறங்கி விழுந்து கிடந்தது. கடைசியில் இருந்தது ஓரளவு நிமிர்ந்து நின்றது. இன்னும் ஆறு துண்டுகளைப் பிரித்தேன். ஒன்றில் அ, ஆ. ஒன்றில் விதுஷாவின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு. ஒன்றில் என் பெயர். கோயில் திருவிழாவுக்குப் பலகை எழுதுவதென்றால் தோட்டத்தில் எல்லோரும் தேடி வரும் எழுத்து உங்களுடையது. அந்த ஆள் எதற்காக அ, ஆ எழுதிப் பழக வேண்டும்? போன வருஷம் சித்திரையில் போன் உடைந்துவிட்டது என்று ஆறு வாரம் பேசாமல் இருந்தீர்கள். அதற்குப் பிறகு வீடியோவில் உங்கள் முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. போனை ஏன் இவ்வளவு கிட்டத்தில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், உன்னை நல்லாப் பார்க்கத்தான் என்பீர்கள். நானும் வெட்கப்பட்டுச் சிரிப்பேன்.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பஸீல் வீட்டுக்குப் போனேன். அவரைக் கோபிக்காதீர்கள். காகிதத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சொல்ல வேணாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீங்களாக் கண்டுபிடிச்சா நான் என்ன செய்ய," என்று எல்லாவற்றையும் சொன்னார். கம்பிக் கட்டு விழுந்தது, வலது கையில் மூன்று விரல் போனது, ஆஸ்பத்திரியில் கிடந்தது, இப்போது கேட்டில் காவலுக்கு இருப்பது எல்லாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாளே ஊசியைக் கேட்டீர்களாம். மற்றவர்கள் பார்க்க மாட்டாமல் வெளியே எழும்பிப் போவார்களாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் ஊசியை இடது கையில் எடுத்தேன். வலது கையில் இரண்டு விரலை மட்டும் விட்டு மற்றதைத் துணியால் கட்டிக்கொண்டேன். ஒரு துண்டின் ஒரே ஒரு பக்கம், வெறும் பதினொரு தையல். சோறு பொங்கி இறக்கும் நேரம் பிடித்தது. ஊசி நாலு இடத்தில் குத்தியது. வெட்டிய காகிதமும் அளவை விடப் பெரிதாகத்தான் வந்தது, தையல் மறுபக்கம்தான் சாய்ந்தது. பார்க்க உங்கள் பதின்மூன்றாம் வரிசையை விடக் கேவலமாக இருந்தது. ஒரு துண்டுக்கு ஆறு பக்கம். நீங்கள் அப்படி நானூற்று ஐம்பத்தாறு துண்டு தைத்திருக்கிறீர்கள்.

பிறகு போர்வையை மறுபடி விரித்து, வரிசை வரிசையாக வாசித்தேன். வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பதின்மூன்றில் நூல் எங்கும் முடிச்சு விழுந்திருக்கிறது, இரண்டு இடத்தில் பழுப்பாகக் கறை. பதினாலில் கோபம் தெரிகிறது, நூலை அவ்வளவு இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். பதினாறில் ஒரு துண்டைப் பிரித்துப் பிரித்து மூன்று தரம் தைத்த துளை இருக்கிறது. பத்தொன்பதில் முதல் தடவையாக ஒரு துண்டு முழுக்கத் தையல் சமமாக விழுந்திருக்கிறது. அன்றைக்கு நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் இல்லை. கடைசி வரிசைக்கு வந்தபோது, மாமா, அது முதல் வரிசையை விட நன்றாக இருக்கிறது. சாய்வு ஒன்றுதான் வேறு. நான் சாமி கும்பிடுகிறவள், எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன். இந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்ற மாதிரி எங்கேயும் நின்றதில்லை. என் வீட்டுக்காரர் இப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

வேறு ஒருத்தி என்று நினைத்ததற்கு என்னை மன்னியுங்கள். அவளுக்கு வைத்த முகத்தை அழித்துவிட்டேன்.

பிறகு போனை எடுத்து, எதுவும் தெரியாதவள் போலத்தான் உங்களோடு பேசி வந்தேன். காரணம், இரண்டு பாதியும் சேரவில்லையே, அதற்கு முதலில் வழி செய்ய வேண்டும். உங்கள் துண்டுகளைப் பிரித்து என் அளவுக்கு வெட்டலாம் என்று அழகர் சித்தப்பா யோசனை சொன்னார். அதற்குக் கத்தரிக்கோலை நான் தொடவே இல்லை. நடுவில் புதிதாக ஐந்து வரிசை தைத்தேன். உங்கள் பக்கத்தில் உள்ளது உங்கள் அளவுக்கு. அடுத்தது ஒரு மயிரிழை சிறிது, அடுத்தது இன்னும் ஒரு மயிரிழை சிறிது, ஐந்தாவது என் அளவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஸுபைரா அக்காவாலேயே காட்ட முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கடையில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, இந்த மனுஷனின் கையை ஒரு நாள் நான் பார்க்க வேண்டும் என்றார். பாவமாகச் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு வந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இன்னும் இரண்டு வருஷம் நீங்கள் கேட்டது எங்களுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் வீட்டு வாசலில் வந்து நிற்கப் பயந்துதான் கேட்டீர்கள். என்ன வேலை செய்வது என்று வந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து யோசிப்போம். விதுஷாவிடம் நானே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அந்தக் காகிதங்களை எடுத்து, அப்பாவுக்கு "ஷா" இன்னும் சரியாக வரவில்லை, வந்ததும் நான் பழக்குகிறேன் என்றாள்.

போர்வை முடிந்துவிட்டது. உங்கள் கடைசி வரிசையின் முப்பத்தெட்டாவது துண்டில் ஒரு பக்கம் மட்டும் தைக்காமல் விட்டிருக்கிறேன். உங்கள் பெயர் எழுதிய காகிதத்தை அந்தத் துண்டுக்குள்ளேயே திரும்ப வைத்து நூலோட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நீங்கள் வந்து தைக்க வேண்டும். தைத்த பிறகு காகிதத்தை நான் எடுக்கிறேன். பதினொரு தையல்தான்.

மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே வீடியோவில் கூப்பிடுங்கள். நானும் பிள்ளையும் காத்திருப்போம். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.

என்றும் உங்கள்,
துஷாந்தினி