வானத்தில் ஓட்டை

ஜூலை 6, ஞாயிறு

கூப்பிட்டுவிட்டார்கள்! மதுரைக்காரர்கள் எங்களையும் கூப்பிட்டுவிட்டார்கள்!

நிதானம், சத்யபிரியா. முதலிலிருந்து எழுது.

ஆகஸ்ட் பதினாறும் பதினேழும் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஊரைப் பலகையில் செய்து கொண்டுபோக வேண்டும் — தண்டவாளம், ஸ்டேஷன், மரம், மனுஷர் எல்லாம் சேர்த்து. அந்தப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து மண்டபம் முழுக்க ஒரு பெரிய சுற்று போடுவார்கள். யாருடைய பலகை சுற்றில் இருக்கிறதோ அவர்கள் தங்கள் இன்ஜினை அதில் ஓட்டலாம்.

என் இன்ஜின்! பாவம், அது பார்த்த உலகமே பந்தல்குடியில் முத்துராஜ் அண்ணன் பேட்டரிக் கடைக்கு மேலுள்ள அறையின் ஒரு சுவர்தான். பலகையில் நாங்கள் செய்த அருப்புக்கோட்டையில் புறப்பட்டால் திருச்சுழி, அதோடு சுவர் முடிந்துவிடும். அப்புறம் பின்னாலேயே வர வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது என் கண்ணைவிட்டு மறைந்ததில்லை. போக வேண்டும், மறைய வேண்டும், சுற்றிவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தானாக வந்து நிற்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

எங்கள் குழு மொத்தமே மூன்று பேர். சேதி வந்ததும் சுந்தரபாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி. மானாவாரி நிலம், விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, சும்மாதான் இருக்கிறார். "ஏ புள்ள, வெளாட்டுக்குச் சொல்லலயே?" என்று மூன்று தடவை கேட்டார். முத்துராஜ் அண்ணன் லாரிக்கு அடியில் படுத்து வயர் பார்த்துக்கொண்டிருந்தாராம். எழுந்திருக்கப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டார். வீங்கிய நெற்றியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், கீழே சிரிப்பு பொம்மை.

ஜூலை 7, திங்கள்

"என்னம்மா, இன்னைக்கு எல்லாப் பல்லும் தெரியுது?" என்றார் நான் வேலை பார்க்கிற இடத்துப் பல் டாக்டர். பல்செட் செய்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஜூலை 13, ஞாயிறு

எங்களுக்கு மூலை.

சுற்று என்று பேர்தானே தவிர மண்டபத்தில் அது சதுரம். நான்கு மூலையிலும் ரயிலைத் திருப்பிவிட வளைவுப் பலகை வேண்டும். வளைவு என்றால் வண்டி கவிழும், அதனால் யாரும் எடுக்கவில்லை. புதுசாக வருகிறவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டட்டும்! தூண் மறைக்கிற இடத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மதுரைக் குழுவின் ஹரி போனில் விதிகளைச் சொன்னார். தண்டவாளம் எவ்வளவு உயரம், எந்த வயர் எந்தப் பக்கம். "பின்னாடி வானம் மாதிரி ஒரு மறைப்பு வச்சுக்கலாம். ஜனங்க பார்க்கிற பக்கம் மட்டும் திறந்திருக்கணும்."

அறையில் இரண்டு சுவர் கூடும் மூலையில் பலகையைப் போட்டோம். சுவரை ஒட்டி மெல்லிய பிளைவுட்டை வளைத்து நிறுத்தியாயிற்று. அதில்தான் வானம். அறைக்கு நடுவில் நின்று பார்த்தால் அருப்புக்கோட்டை ஸ்டேஷன், வளைவு, கரிசக்காடு, தூரத்தில் திருச்சுழி. அழகு!

ஜூலை 20, ஞாயிறு

வானம் வரைவது சுந்தரபாண்டி அண்ணன். பூராவும் நீலம். ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"ஏ பாண்டி, வெறுமனே கெடக்கே, ரெண்டு மேகத்தப் போடேன்" என்றார் முத்துராஜ் அண்ணன்.

"பெய்யாத மேகத்த எதுக்குலே வரையணும்? வருசம் பூரா அதத்தான அண்ணாந்து பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

ஆனால் அந்த வெறும் நீலத்துக்குள் எத்தனை நீலம்! கீழே வரவர வெளுத்து, வெக்கையில் புழுதி கலந்த மாதிரி மங்கி. ஒன்பது மணி வெயிலா, பத்து மணி வெயிலா என்று ஒரு மணி நேரம் எங்களிடம் தர்க்கம் செய்தார். எனக்குப் பத்து.

காட்டுக்கு அவர் நிலத்துக் கரிசல் மண்ணையே சலித்துப் பசையில் குழைத்துப் பூசினோம். காய்ந்ததும் தானாக வெடித்தது, எங்களுக்கு ஆனந்தம். அப்புறம் என் பொம்மை ஆட்களில் ஒருத்தரை ஒரு வெடிப்பின் ஓரத்தில் நிறுத்தினேன். உள்ளே போய்விட்டார். "வெடிப்பா இது? டவுன் பஸ்ஸே விழுந்துரும்" என்று முத்துராஜ் அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். மறுபடி சுரண்டி மறுபடி பூச வேண்டும்.

பொம்மை ஆட்கள் என் பொறுப்பு. பல்செட்டுக்கு ஈறு செய்கிற பிளாஸ்டிக் மிச்சத்தில் செய்கிறேன். அதனால் எங்கள் பிளாட்பாரத்தில் அத்தனை பெண்களுக்கும் ஈறு நிறச் சேலை. ஒரே விசேஷத்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 29, செவ்வாய்

ஆடிக் காற்று ஜன்னல் வழியே வந்து ஸ்டேஷன் கூரையைத் தூக்கிப்போட்டதாம். பயணிகளுக்குச் சேதமில்லை என்று தகவல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முத்துராஜ் அண்ணன் வீட்டம்மா தங்கமாரி மதினி வடைத் தட்டோடு மாடிக்கு வந்தாள். பலகையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"எல்லாஞ் சரி. இது இந்த வாசல் வழியா வெளிய போகுமா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். உள்ளேயே கட்டிவிட்டு வெளியே எடுக்க முடியாமல் முழித்தவர்கள் கதை எங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. நாங்கள் வாசலை அளந்தோம், மாடிப்படித் திருப்பத்தை அளந்தோம், குட்டியானை வண்டியின் தொட்டியையும் அளந்தோம். எங்களிடமா!

"ரொம்பத்தான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் இன்னும் வடை இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடிந்தது. நீல இன்ஜின், பின்னால் பெட்டிகள். வளைவில் ஒரு தரம்கூடக் கவிழவில்லை. பலகைக்கு அடியில் முத்துராஜ் அண்ணனின் வயரிங்கைக் குனிந்து பார்த்தால் லாரியின் முகப்பு மாதிரி இருக்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லாம் பின்னிப் பின்னிக் கட்டி. "யாரும் பாக்கமாட்டாகளே அண்ணே" என்றேன். "நான் பாத்துட்டேன்ல" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி, மதுரை

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் மண்டபத்தில் இறக்கினோம். ஒரு கீறல் இல்லை. மற்றவர்கள் பலகைகளெல்லாம் ஏறக்குறைய கோத்தாகிவிட்டது. நடுவில் வண்டி ஓட்டுகிறவர்கள் நிற்க இடம். வெளியே சுற்றிலும் ஜனங்கள் நடந்து பார்க்கக் கயிறு கட்டியிருந்தார்கள்.

எங்கள் மூலையைக் கொண்டுபோய் வைத்தோம். தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தியது. நான் கையைத் தட்டினேன். அப்புறம் தலையை நிமிர்த்தினேன் — வானம் வெளிப்பக்கம் இருந்தது.

ஜனங்கள் வெளியில் நிற்பார்கள். அவர்களுக்குத் தெரியப்போவது வெறும் பிளைவுட்டின் முதுகு.

எப்பிடி? மூணு பேருக்கும் எப்பிடித் தெரியாமப் போச்சு? அறை மூலையில் வைத்து, அறைக்கு நடுவில் நின்றே ஒரு மாசமாகப் பார்த்தோம். பார்க்கிறவர்கள் என்றால் உள்ளே நிற்கிறவர்கள் என்று மனசில் பதிந்துவிட்டது. வாசலை அளந்தோமே, படியை அளந்தோமே, ஜனங்க எங்க நிப்பாகன்னு ஒருத்தருக்காவது தோணிச்சா? பலகையைத் திருப்பவும் முடியாது. திருப்பினால் வளைவு தப்பான பக்கம் போகும்.

ஹரி நல்லவர். அதனாலேயே அழுகை வந்தது. "எங்ககிட்ட வெறும் வளைவு ஒண்ணு ஸ்பேர் இருக்கு. நாளைக்கு அதைப் போட்டுக்கிடுறோம். நீங்க அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். பலகை சுற்றில் இல்லை என்றால் இன்ஜினும் ஓடாது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வானத்தை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் கரிசல் மேடும் தண்ணீர்த் தொட்டியும் அதில்தான் ஒட்டி நிற்கின்றன, எல்லாம் சேர்ந்து பெயர்ந்துவிடும். சுந்தரபாண்டி அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரிடம் போய் வானத்தை வெட்டட்டுமா என்று யார் கேட்பது?

ராத்திரி தங்க வந்த சித்தி வீட்டில் சாப்பாடு வைத்தார்கள். இறங்கவில்லை. பையில் என் இன்ஜின் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கக்கூடக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி, மதுரை

ஐயோ, எங்கே ஆரம்பிக்க!

காலையில் பலகையைக் கழற்றப் போனோம். முத்துராஜ் அண்ணன் வெளிப்பக்கம் உட்கார்ந்து வயரை உருவிக்கொண்டிருந்தார். சிக்னல் விளக்குக்காக வானத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வயரை விட்டிருந்தார். வயர் வந்துவிட்டது. ஆள் எழுந்திருக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகத்தைப் பலகையில் அப்பி வைத்திருந்தார்.

"ஏ பாண்டி, இங்கன வா. வந்து பாரு."

சுந்தரபாண்டி அண்ணன் வேண்டாவெறுப்பாகப் போய்க் குனிந்தார். குனிந்தவர் எழவே இல்லை. நான் தவித்துப்போனேன். "என்ன தெரியுது? அண்ணே, என்னதான் தெரியுது?"

"ஊருக்குள்ளயே நிக்கிற மாதிரி இருக்கு புள்ள" என்றார். அப்புறம் முத்துராஜ் அண்ணனைப் பார்த்து, "ஓட்ட பத்தலலே. பெருசாக்கு" என்றார்.

"வானத்துலயா?"

"அதுல வேற என்ன இருக்கு? மேகமா இருக்கு?"

முத்துராஜ் அண்ணன் டிரில்லைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றார். சுந்தரபாண்டி அண்ணன்தான் அதை வாங்கி, தான் வரைந்த பத்து மணி வெயிலில் தானே முதல் ஓட்டையைப் போட்டார். மரத்தூளை ஊதிவிட்டார். அடுத்தது போட்டார். பெரியவர்கள் உயரத்துக்கு ஒன்று, குனிந்து பார்க்க ஒன்று, பிள்ளைகளுக்குக் கீழே ஒன்று.

ஹரி வந்தார். கீழ் ஓட்டையில் முட்டி போட்டுப் பார்த்தார். உள்ளே நான் இன்ஜினை மெள்ள நகர்த்தினேன். "அம்மாடி!" என்று பின்னால் விழாத குறை. வண்டி நேராக அவர் கண்ணுக்கே வந்ததாம்.

"ஜனங்க பார்க்கணும்னுதான் ரூலு. எப்படிப் பார்க்கணும்னு ரூல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். பதினொன்றுக்கெல்லாம் எங்கள் மூலையில் வரிசை. மற்ற ஊரையெல்லாம் நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போகிறவர்கள், எங்கள் ஊரைப் பார்க்க நின்றார்கள், குனிந்தார்கள், ஒரு கண்ணை மூடினார்கள். "அடுத்தவுகளுக்கு விடுங்கம்மா" என்று முத்துராஜ் அண்ணன் ரேஷன் கடை மாதிரி சத்தம் போட்டார். ஒரு பாட்டியம்மா குனிந்தபோது பலகைக்கு அடியில் வயரிங்கைப் பார்த்துவிட்டு, "இது யாரு பின்னுனது, இம்புட்டு லட்சணமா?" என்றார். அண்ணன் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தரையில் நடக்கவில்லை.

சாயங்காலம் என் முறை. ஆளுக்கு ஒரே சுற்று.

கண்ட்ரோலரைத் திருகினேன். புறப்பட்டது! வளைந்தது, அடுத்த பலகைக்குப் போனது, தூத்துக்குடிக்காரர்களின் உப்பளத்தைத் தாண்டியது. இதற்குமேல் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கண்ட்ரோலரை சுந்தரபாண்டி அண்ணன் கையில் திணித்துவிட்டு, பலகைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, கூட்டத்துக்குள் வண்டியோடு ஓடினேன். ஆமாம், ஓடினேன். முப்பத்தொரு வயசில், மண்டபத்தில், துப்பட்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கோயம்புத்தூர்க்காரர்களின் மலைக்குள் போனது. வரவில்லை. வரவே இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். "கிராஸிங்ங்க. எங்க ஊர்ல எல்லா வண்டியும் நின்னுதான் போகும்" என்றார் அந்தக் குழுவின் ஆள் ஒருத்தர், டீ குடித்துக்கொண்டே. ஒருவழியாக விட்டார்கள்.

அதற்குள் நான் எங்கள் மூலைக்கு ஓடினேன். வந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமே! மூன்று ஓட்டையிலும் ஆள். நடுவில் இருந்த ஒரு அக்காவின் தோளைத் தொட்டேன். "அக்கா, கொஞ்சம் விடுங்க, என் வண்டி வருது."

"இரும்மா, நானும் வரிசைல நின்னுதான் வந்தேன்." கண்ணை எடுக்கவில்லை. "ஏதோ நீல வண்டி வருது... நல்லா வருது... லைட்டு போட்டு வருது... ஏ அப்பா, நின்னுருச்சு! சொன்ன மாதிரி ஸ்டேஷன்ல வந்து நின்னுருச்சும்மா!"

பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை! அந்த அக்கா பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அவளும் எதற்கென்று தெரியாமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெழுகில் பல் அடுக்கும்போது கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துவிட்டேன். டாக்டர் பார்ப்பதற்குள் மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பந்தல்குடி. நடந்ததையே மறுபடி மறுபடி பேசிக்கொண்டிருந்தோம். "எல்லாரும் பாத்தாக, நான்தான் பாக்கல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் முத்துராஜ் அண்ணன் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாடி ஏறினால் ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. அந்த வழியாகத் தண்டவாளம் வெளியே போகிறது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பலகை, அங்கிருந்து திரும்பி வாசல் நிலைக்குக் குறுக்கே அறைக்குள். வாரம் முழுக்க இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

"என் வீட்டு வாசல்ல நானே குனிஞ்சு வரணுமாக்கும்" என்று தங்கமாரி மதினி ஏசினாள். ஏசிக்கொண்டே குனிந்து டீயை உள்ளே கொடுத்துவிட்டு, துணி காயப்போட மொட்டை மாடிப் பக்கம் போனாள்.

"நீ எந்திரிக்காத. இருந்த எடத்துலயே இரு" என்றார் சுந்தரபாண்டி அண்ணன்.

இருந்தேன். வண்டி ஜன்னலைத் தாண்டி வெயிலுக்குள் போனது. கடைசிப் பெட்டியும் போனது. கீழே ரோட்டில் ஒரு லாரி போன சத்தம், அப்புறம் அதுவும் இல்லை.

வெளியிலிருந்து மதினியின் குரல்: "ஏ பிரியா, ஒன் வண்டி வருதுடி! இந்தா, சேலைக்கு அடியில பூந்து வருது!"

வாசல் வழியாக வந்தது. லைட் போட்டுக்கொண்டு வந்தது. என் முன்னால் வந்து நின்றது.

"இன்னொரு சுத்தா?" என்றார் முத்துராஜ் அண்ணன். தலையை ஆட்டினேன்.