ஆயிரத்தொன்பதாவது அகல்

அன்று பெருமாள் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மணியக்காரர், பட்டர், என் நாத்தனார், நான், கையில் ஓர் அகலோடு நீங்கள். இன்று திரிக்கு இலுப்பெண்ணெய் வார்த்தபோது அந்த வாசனையில் ஐவரும் வந்து நின்றோம். நீங்கள் போய்ச் சேர்ந்து பதினாறு நாள் ஆயிற்றென்று நேற்றுதான் தெரிந்தது. என்னைவிட மூத்தவரான உங்களை அன்று 'நீ' என்றே கூப்பிட்டேன். இந்த மடலிலாவது திருத்திக்கொள்கிறேன்.

கார்த்திகைக்கு ஆயிரத்தெட்டு அகல் என்பது வழக்கம். எண்ணி அடுக்குவது என் பொறுப்பு. கோயிலுக்குள் எல்லோரும் வரலாம் என்று சட்டம் வந்த பிறகு, சேரியிலிருந்து விளக்கோடு வந்த முதல் ஆள் நீங்கள். நான் எண்ணி முடித்திருந்தேன். உங்களுடையது ஆயிரத்தொன்பது.

மணியக்காரர் சட்டத்தைத் தொடவில்லை, கணக்கைப் பிடித்துக்கொண்டார். விளக்குகள் சம வரிசையாக நிற்க வேண்டும், ஒற்றை மிஞ்சினால் ஆகாது. மிஞ்சாத வரிசை ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று பட்டரின் எதிரிலேயே அவர் சொன்னார்.

கோலமாவைத் தரையில் பரப்பி விரலால் வகுத்தேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். வகுத்தல், நெல் கணக்கில் நானே பழகிக்கொண்டது. ஆயிரத்தெட்டு சாது, முப்பது எண்களுக்கு வளைந்துகொடுக்கும். ஒன்று கூடியதும் வேறு பிறவியாகிவிட்டது. ஏழில் ஒன்று மிஞ்சியது. பதினொன்றில் எட்டு. பத்தொன்பதில் இரண்டே இரண்டு. முப்பத்தொன்றில் பதினேழு. அதோடு நிறுத்தினேன். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே தொகையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் ஓர் எண் வகுக்குமானால், அதன் சின்ன ஜோடி முன்பே அகப்பட்டிருக்கும்.

"அம்மா கணக்குல புலிதான். கணக்குதான் மசியல" என்றார் மணியக்காரர். நாத்தனார் உங்கள் அகலை வாங்கக் கை நீட்டினாள். உங்களை வெளியே அனுப்பும் கணக்கை என் விரலாலேயே போட்டுக் கொடுத்துவிட்டேனே என்று குன்றிப்போனேன்.

நீங்கள் அகலைக் கொடுக்கவில்லை.

"ஏழு வரிசை, எட்டு வரிசைன்னு பாத்துக்கினே கீறீங்க. ஒரே வரிசையா வெச்சா இன்னா மிஞ்சும், சாமி?"

பட்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிரகாரம் முழுக்க இடம் இருக்கிறதே என்றார். சொன்ன சொல்லை மணியக்காரரால் திரும்ப எடுக்க முடியவில்லை. ஒன்றுக்கும் தனக்கும் மட்டுமே அடங்குவதைப் பகா எண் என்பார்கள் என்று, பின்னாளில் எழுத்துக்கூட்டிப் பழகிய பிறகு, ஒரு பாடப்புத்தகத்தில் படித்தேன். முப்பத்தொன்று வரை தேடியவள், அந்த ஒன்றை மறந்திருந்தேன்.

நாத்தனார் எண்ணெய் வார்த்தாள். ஒரு முனையிலிருந்து நீங்களும் மறுமுனையிலிருந்து நானும் ஏற்றிக்கொண்டே வந்தோம். அந்த வருஷம் முதல் கோயில் கணக்கு ஆயிரத்தொன்பதுதான். யாராவது ஏன் என்று கேட்டால் நிமிர்ந்து நின்று உங்கள் பேரைச் சொல்கிறேன்.

பத்தாயிரத்தெட்டோடும் ஒன்று கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றேழு வரை வகுத்தும் அது அசையவில்லை. லட்சத்தெட்டோடு கூட்டினால் மட்டும் ஏழில் உடைந்துவிடுகிறது. உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

இன்னொன்று. அன்று எல்லாம் எரியத் தொடங்கிய பிறகு, உங்கள் விளக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.